விசில் அடித்த துண்டு

பட்டியலில் முதலிடம் கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு. அங்கே யாரும் பேச மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

அடுத்தது நகர நூலகம். பிறகு ரோஜாத் தோட்டம், அதன் நடுவில் ஒரு நீரூற்று. பிறகு பழைய தேவாலயத்தில் மதியம் வாசிக்கும், குழாய்களால் ஆன ஆர்கன் வாத்தியம். பூங்காவில் நாடகம். அரண்மனை முற்றத்தில் வயலின் கச்சேரி. கடைசியாக, ஆற்றங்கரையில் சந்தை நாளன்று ஊதும் பித்தளை வாத்தியக் குழு. ஜெர்மனியின் தெற்கே ஓர் ஆற்றங்கரை நகரத்தில், கோடைகாலத்தில் காசில்லாமல் போய்ப் பார்க்கவும் கேட்கவும் கூடியவை இவை. நகராட்சி இதற்கென்று ஒரு சிறு புத்தகமே போட்டிருந்தது. ஊர் சுற்ற வந்தவர்கள் அதைத் தேதி வாரியாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கலைத்து, சத்தமும் கூட்டமும் ஏறும் வரிசையில் எழுதிக்கொண்டேன். மேலே அமைதி, கீழே இரைச்சல்.

என் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. செங்கல்பட்டுக்கு வடக்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், வண்டி எங்கே சத்தம் போடுகிறது என்று தேடும் பிரிவில் இருக்கிறேன். எந்த நட்டு, எந்த ரப்பர், எந்த வேகத்தில் என்று வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரவேண்டும். அதற்கான பயிற்சிக்குத்தான் கம்பெனி என்னை அந்த ஊருக்கு அனுப்பியது. நடுவில் சில வாரங்கள் அம்மா வந்து என்னோடு தங்கினாள். அப்பாவையும் கூப்பிட்டோம். சொர்ணவாரி நெல் அறுவடையை விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

அந்தப் பட்டியல் அம்மாவின் காதுக்காகப் போட்டது.

அம்மாவுக்குக் காது மந்தம். எப்போது தொடங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவ்வளவு நன்றாக மறைத்தாள். எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள். எல்லோரும் சிரித்தால் ஒரு நொடி தள்ளித் தானும் சிரிப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். படாளத்தில் எங்கள் வீடு ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரிச் சத்தத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அதனால் வெகுகாலம் தப்பித்துவந்தாள்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. அச்சரப்பாக்கத்தில் ஒரு குடும்பம். எல்லாம் பிடித்துப்போய், இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு கோயிலில் சந்தித்தோம். கிளம்பும்போது பெண்ணின் அம்மா ஏதோ கேட்பதற்காகப் பின்னாலிருந்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். "மாமியாக்காரிக்கு இப்பவே இவ்ளோ திமிரா?" என்று தரகர் வழியாகச் சேதி வந்தது. சம்பந்தம் அதோடு நின்றது. உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன்.

"வாயத் தொறந்தீன்னா பாரு," என்றாள் அம்மா. "திமிருன்னு சொன்னா சொல்லிகினு போவட்டும். செவிடின்னு ஒருத்தி சொல்லக் கூடாது. செவிட்டு மாமியா கீற வூட்டுக்கு எவன்டி பொண்ணு குடுப்பான்?"

அதன் பிறகு செங்கல்பட்டில் ஒரு காது பரிசோதனை மையத்துக்கு அழைத்துப் போனேன். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் படி ஏறினாள். இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். காதின் பின்னால் கொக்கி போல மாட்டிக்கொள்வது, தோலின் நிறத்தில் இருந்தது. அங்கிருந்த பெண் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, கழற்றியதும் பேட்டரி மூடியைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, "மொதல்ல அமைதியான எடத்துல போட்டுப் பழகுங்கம்மா. எடுத்த எடுப்புல கல்யாண மண்டபத்துக்குப் போட்டுகினு போனீங்க, கழட்டிக் கடாசிடுவீங்க."

எங்கள் தெருவில் அமைதியான இடம் எது? லாரி ஓய்ந்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி. அதைவிட, யாரும் பார்க்காத இடம் எது? மெஷின் பீரோவில் ரேஷன் கார்டுக்கு மேல் உட்கார்ந்துகொண்டது.

அம்மா ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளுக்கும் புளிக்கும் நடுவிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கொண்டாந்துகீறேன். இங்க நம்மள தெரிஞ்சவன் எவன் கீறான்? போட்டுப் பாக்குறேன். ஆனா நம்மூரு மூஞ்சி ஒண்ணு கண்ணுல பட்டாலும் கழட்டிடுவேன், ஆமா."

நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவளாகவே யோசித்து, அவளாகவே எடுத்துவந்திருக்கிறாள். அன்று மாலையே பட்டியலைப் போட்டேன்.

"எல்லாமே சும்மாவா?" என்றாள் பட்டியலைக் கேட்டுவிட்டு.

"சும்மாதான்."

"சும்மா எவன்டி உடுவான்? மதுராந்தகத்துல இப்படித்தான், வாங்க வாங்கன்னு மண்டபத்துல ஒக்கார வெச்சு காபி குடுத்தான். கடைசில மெத்த வாங்குன்னான். பாத்துகினே இரு, இவனும் மெத்தையத்தான் விப்பான்."

கண்ணாடி அருங்காட்சியகத்தில் மெத்தை இல்லை. பழைய கோப்பைகளும் ஜாடிகளும் வெளிச்சத்தில் நின்றன. அம்மா வாசலில் மெஷினை மாட்டிக்கொண்டு நான்கு அடி வைத்தாள். நின்றாள். மறுபடி இரண்டு அடி வைத்தாள். மரத்தரை அவள் செருப்புக்குக் கீழே முனகியது.

"ஏண்டி," என்றாள், "நான் நடக்கறது இம்மாம் சத்தமாவா கேக்கும்?"

"எல்லாரும் நடக்கறதும் கேக்கும்மா."

"அப்ப ஊருல நான் பீரோவத் தொறந்தது, டப்பாவத் தொறந்தது எல்லாம் உங்கப்பனுக்குக் கேட்டுகினு இருந்துச்சா?"

எந்த டப்பா என்று நான் கேட்கவில்லை. மீதி அறைகளை அவள் குதிகால் படாமல் நடந்து பார்த்தாள். ஒரு நீலக் கிண்ணத்தின் முன்னால் மட்டும் நின்று, காவலரிடம் விரலால் சுண்டுவது போலச் சைகை காட்டி, இது எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டாள். அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

நூலகம், ரோஜாத் தோட்டம் இரண்டும் என் திட்டப்படியே நடந்தன. நீரூற்றின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் விழுவதை முதலில் கண்ணை மூடிக்கொண்டும் பிறகு மெஷினைக் கழற்றிவிட்டும் மாறி மாறிக் கேட்டாள். இது நல்ல பரிசோதனை முறை என்று எனக்குப் பட்டது. குறித்துக்கொண்டேன்.

ஆர்கன் என் திட்டத்தில் இருந்த தவறு.

அம்மாவுக்கு எங்கே போனாலும் முன்வரிசை வேண்டும். வாய் தெரிய வேண்டுமே. தேவாலயத்திலும் நேராக முதல் பெஞ்சுக்குப் போய், கையோடு கொண்டுவந்த காசித் துண்டை எனக்காக விரித்து வைத்துவிட்டாள். அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக அதை வீசி இரண்டு சீட்டைப் பிடிப்பவள் அவள். அந்த ஊர் டிராமில் ஏறிய முதல் நாள், சீட்டெல்லாம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துபோனாள். முகம் துடைக்க, தலையில் போட, இடம் பிடிக்க, முக்கியமானதை முனையில் முடிந்துவைக்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசிப்பவர் யாரும் வரவில்லை. "லேட்டாவுதா?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள், பின்னாலிருந்து, தலைக்கு மேலிருந்து, கூரையே பேசுவது போல ஒலி கொட்டியது. ஆர்கன் வாசலுக்கு மேலே மாடத்தில் இருந்திருக்கிறது. அம்மா துள்ளி எழுந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, மெஷினைப் பிடுங்கித் துண்டின் முனையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு பெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, மரம் அதிர்வதை அனுபவித்துக் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி மூடியத் தொறந்து வெச்சியா?" என்றேன் வெளியே வந்து.

"அதெல்லாம் வெச்சாச்சு."

திரும்பி வரும்போது டிராமில் ஏதோ கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோனது. அதையும் குறித்துவைத்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

பூங்கா நாடகத்துக்கு அம்மா மெஷின் வேண்டாம் என்றாள். ஆர்கன் பயம் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. புல்வெளியில் எல்லோரும் போர்வை விரித்து, ரொட்டியும் செர்ரிப் பழமும் தின்றுகொண்டு பார்த்தார்கள். நாங்கள் புளிசாதம் கொண்டுபோயிருந்தோம். எனக்குத் தெரிந்த ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். திருகு, அழுத்தம், ஜாக்கிரதை. மேடையில் ஆட்கள் வேகவேகமாகப் பேசினார்கள், கூட்டம் சிரித்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரைமணி நேரத்தில் எனக்குச் சலித்துவிட்டது.

அம்மா முழங்கையால் இடித்தாள். "அந்த நீலச்சட்டக்காரன் வேலைக்காரன் இல்லடி. அவந்தான் மாப்ள. வேஷம் கட்டிகினு வந்துகீறான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எசமான் பேசறப்போ வேலைக்காரன் தரையப் பாப்பான். இவன் அந்தப் பொண்ணப் பாக்குறான். அந்தக் கெழவிக்கும் தெரியும், பாரு, சிரிப்ப அடக்கிகினு கீறா. இப்ப மாட்டிக்குவான் பாரேன்."

மாட்டிக்கொண்டான். விக் கழன்று விழுந்தது, கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை அம்மாதான் எனக்குக் கதை சொன்னாள். அம்மா ஒரு நொடி முன்னால் சிரித்தாள், நான் தள்ளிச் சிரித்தேன்.

அப்படி ஒருமுறை தள்ளிச் சிரித்தபோது சாதம் தொண்டையில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில், சித்தப்பாக்களும் அத்தைகளும் கூடிப் பேசும் நாட்களில், அம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். சொந்த வீட்டை மொழி தெரியாத நாடகம் போலப் பார்த்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, சரியான இடத்தில் சிரித்து. எனக்கு அரைமணி நேரத்தில் சலித்துப்போனதை அவள் வருடக்கணக்காகச் செய்திருக்கிறாள்.

"இன்னா, விக்கலா?" என்று முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

அரண்மனைக் கச்சேரிக்கு அவளே மெஷினை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பெரிய முற்றம், சுற்றிலும் எலுமிச்சை வாசம் வீசும் பூமரங்கள், மேடைக்கு முன்னால் நீள பெஞ்சுகள். அங்கே கோடையில் இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கும். வழக்கம்போல ரொம்ப முன்னாலேயே போய், இரண்டாவது வரிசையில் துண்டை விரித்தோம். முற்றத்தின் நடுக்குளத்தில் பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மண்டைக்குள்ள பூந்து கத்துதுங்க," என்றாள் அம்மா. "ஆரம்பிக்கட்டும், மாட்டிக்கிறேன்." கழற்றித் துண்டின் முனையில் முடிந்தாள். மூடியைத் திறந்தாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் அவளுக்கு வாய் தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தேன் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

கூட்டம் நிரம்பியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு பேர் மேடையேறி அமர்ந்தார்கள். அம்மா மெஷினை மறந்துபோனாள். முதல் வயலின்காரர், நரைத்த தாடிக்காரர், வில்லை எடுத்த விதத்திலேயே லயித்துவிட்டாள். மடியில் சுருட்டி வைத்த துண்டின் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வில்லைப் பார்த்தே தாளம் பிடித்துவிட்டாள், பிசகவேயில்லை.

மெதுவான பகுதி வந்தது. வயலின் கேட்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒலி இறங்கியது. அப்போது எங்கிருந்தோ ஒரு விசில்.

மெல்லிய, கூரான விசில். நின்றது. மறுபடி வந்தது. முன்வரிசையில் ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். இன்னொருவர் தன் போனை எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார். ஒரு பெண் கணவரை முறைத்தாள், அவர் நான் இல்லை என்று தோளைக் குலுக்கினார். விசில் தாளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வலதா, இடதா? இடது. தூரமா, பக்கமா? பக்கம். எதோடு சேர்ந்து வருகிறது? அம்மாவின் கை துண்டின் மேல் இறங்கும்போதெல்லாம் ஏறுகிறது.

டிராம் ஞாபகம் வந்தது. பேட்டரி ஞாபகமும் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை மூடிப் பொத்தினால் அது தன் சத்தத்தைத் தானே கேட்டு ஊளையிடும். அந்த முற்றத்தில் அதைக் கேட்காத ஒரே ஆள் அம்மாதான்.

"ம்மா," என்றேன் மெதுவாக. கேட்கவில்லை. கையைப் பிடித்தேன். தாளத்தைக் கெடுக்கிறாயே என்று தட்டிவிட்டாள், விசில் இன்னும் ஓங்கியது. மேடையில் தாடிக்காரர் வில்லைத் தூக்கியபடியே வாசிப்பை நிறுத்திவிட்டார். மற்ற மூவரும் நின்றார்கள். அந்த நிசப்தத்தில் என் குரல்தான் விழுந்தது.

"அம்மா, துண்டு! துண்டு கத்துது!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அம்மா என் வாயைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். இரண்டு பழுப்புக் கொக்கிகளும் உள்ளங்கையில் வந்து விழுந்து, வெளிக்காற்று பட்டதும் சட்டென்று அடங்கின.

அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அச்சரப்பாக்கத்துக்காரர்கள் பேசியதற்குக்கூட அவள் கோபம்தான் பட்டாள். இப்போது கையை மூடவும் முடியாமல், மூடினால் மறுபடி கத்துமே, விரித்த உள்ளங்கையோடு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விடலாம் என்று நான் பையை எடுத்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். வெள்ளை முடியைக் காதோரம் ஒதுக்கிக் காட்டினார். அங்கே மெஷின் இருந்தது, நல்ல குங்குமச் சிவப்பில். தன் கைப்பையைத் தூக்கி, அதைத் தட்டி, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்துக் காட்டினார். அவருடையது கைப்பைக்குள் கத்தியிருக்கிறது போல. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இந்த முறை யாரையும் பார்த்து வந்த சிரிப்பு இல்லை.

தாடிக்காரர் வில்லை இறக்காமல் காத்திருந்தார். அம்மா அத்தனை பேர் முன்னாலும் மெஷினை ஒன்று, இரண்டு என்று மாட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தாள். அவர்கள் அந்த மெதுவான பகுதியை முதலிலிருந்து வாசித்தார்கள்.

"எனக்காவ மறுபடி வாசிக்கிறாங்களாடி?" என்றாள் காதோரம்.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆமாம் என்றேன்.

முடிந்த பிறகு அந்தக் கிழவியும் அம்மாவும் பெஞ்சிலேயே உட்கார்ந்து மெஷின்களைக் கழற்றி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ஜெர்மனில், அம்மா தமிழில். நடுவில் நான் தேவைப்படவே இல்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் செவப்புன்னு கேளு. எல்லாருக்கும் பளிச்சுனு தெரியுமே?"

கேட்டேன். வெள்ளை முடியில் பழுப்பு வைத்தால் அழுக்கு ஒட்டினது போலத் தெரியும் என்று பாதி சைகையிலேயே சொன்னார் அவர்.

"அதுவும் சரிதான்," என்றாள் அம்மா. தன் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பட்டியலில் மிச்சமிருந்த பித்தளை வாத்தியக் குழுவுக்கும் போனோம். மெஷினைக் கடைசிவரை கழற்றவில்லை. இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் எழுத வேண்டும். ஆனால் சென்னை விமான நிலையத்தில், அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவதைப் பார்த்ததுமே, அவள் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தாள். மூடியைத் திறந்துதான் வைத்தாள் என்று அண்ணன் போனில் சொன்னான். நான் அப்போது ஜெர்மனியில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நான் பயிற்சி முடிந்து திரும்பிய பின்னும், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் போடுவாள், வாசலுக்கு வந்தால் எடுத்துவிடுவாள்.

தை மாதம் அடுத்த சம்பந்தம் வந்தது. திருக்கழுக்குன்றத்துக் குடும்பம். முதல் பார்வை வீட்டில் வேண்டாம், மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கிறதே, அங்கே தற்செயலாகப் பார்த்துக்கொள்வது போல வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கேயும் நுழைவு இலவசம். கடற்கரைக் கோயில் பக்கம் மேடை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அம்மா அன்று வழக்கத்தைவிடத் தாழ்வாக, காதை மறைத்து, அடர்த்தியாக மல்லிகை வைத்திருந்தாள். வேனில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பூவுக்குப் பின்னால் மெஷின் இருப்பதைப் பார்த்தேன்.  

இரண்டாவது வரிசையில் துண்டை நீளவாக்கில் விரித்து நாற்காலிகளைப் பிடித்துவைத்தாள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அங்கே உட்காரப் பார்த்தார்கள். அம்மா துண்டைக் காட்டி, "டங்கே, டங்கே" என்று ஜெர்மனில் நன்றி சொல்லி அனுப்பிவைத்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

பெண்ணும், அவள் அம்மாவும், பெரியம்மாவும் வந்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டான். பெண்ணின் அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியம்மா, கால் நீட்ட வசதி என்று பின்வரிசையில் பெண்ணோடு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. கடற்காற்று அடித்தது, அம்மாவின் மல்லிகை ஒரு பக்கமாகப் புரண்டது.

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல், தாழ்ந்ததுதான், ஆனால் எனக்குக் கேட்டது. "காதுல மிஷினு மாட்டிகினு கீது பாருடி இந்தம்மா. நாளைக்கு அந்த வூட்டுல நீ கத்திகினே கெடக்கணும்."

 அம்மாவின் கை மடியில் இருந்த துண்டின் முனையைத் தேடியது. கழற்றப் போகிறாள், முடியப் போகிறாள் என்று நினைத்தேன். கை முனையைப் பிடித்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு பின்னால் திரும்பினாள்.

"கத்தவேணாம் சம்பந்தி," என்றாள். "கேக்குது. மெதுவா சொன்னாலே கேக்குது. இப்ப நீங்க சொன்னது கேட்டுச்சு, தோ, அந்தாண்ட அல அடிக்கறதும் கேக்குது."

பெரியம்மா வாயில் போட்ட சுண்டலை மெல்லாமல் நிறுத்தினார். பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். முதலில் சிரித்தது அந்தப் பெண்தான், இப்போது எனக்கு அண்ணி. அடக்கப் பார்த்தாள், முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னா பெரிம்மா, நல்லா மாட்னியா?"

"அடச்சீ, சும்மா இருடி."

"இது ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "இத முடிஞ்சி வெச்சிகினு ஒரு கச்சேரிக்குப் போயி நான் பட்ட பாடு கீதே, சொல்றேன், இங்க வாங்க." மடியில் இருந்த துண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காலியான பக்கத்து நாற்காலியை உள்ளங்கையால் தட்டினாள்.

"முன்னால வந்து ஒக்காருங்க சம்பந்தி. இந்தப் பக்கத்துக் காது எனக்கு இன்னும் நல்லா கேக்கும்."